கரட் ஒன்று, விலை மூன்று

கண்டியில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் விலைச்சீட்டெல்லாம் தானாக மாறுகிறதாம், காலையில் பார்த்த விலை மத்தியானம் இருக்காதாம் என்று கட்டுகஸ்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் நின்றவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆள் கிட்டப் போகப் போக விலை ஏறுமாம். எந்தக் கடை என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கு மச்சான் சொன்னது, மற்றவர் போனில் பார்த்தது. கடைக்குப் போய்க் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும் என்று, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு நாலைந்து கிலோமீற்றர்தான். மஹய்யாவையைத் தாண்டியதும் வாகனங்கள் அசையவில்லை. சனிக்கிழமை, கூடவே சம்பளம் வந்த கிழமை. பஸ்ஸில் பாதிப் பேர் கையில் மடித்த துணிப்பை வைத்திருந்தார்கள். 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் பொலித்தீன் பைக்குத் தனியாகக் காசு வாங்கி அதை பில்லில் காட்டவேண்டும் என்று வந்ததன் பலன் அது. ஒரு சின்ன விலை கண்ணில் பட்டதும் ஊரே பழக்கத்தை மாற்றிக்கொண்டதை அன்று முழுக்கப் பல இடங்களில் பார்த்தேன்.

தலதா வீதிக்குக் கிட்ட இறங்கி முதல் சுப்பர் மார்க்கட்டுக்குள் போனேன். குளிர்க்காற்று, தரை கழுவிய மருந்து வாசம், மூலையில் பாண் வேகும் மணம். நேராக அரிசித் தட்டுக்குப் போய் விலைச்சீட்டை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். காகிதம். பிளாஸ்டிக் பட்டைக்குள் செருகிய சாதாரணக் காகிதம். பருப்பு, சீனி, மீன் ரின், சவர்க்காரம், பிள்ளைகளின் பால்மா என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாமே காகிதம்தான். தானாக மாறும் சீட்டு ஒன்றுகூட இல்லை. நகரத்துக்குள் கால் வைத்த மற்றச் சுப்பர் மார்க்கட்டுகளிலும், பேராதனை வீதிப் பக்கம் பார்த்ததிலும் அதே கதைதான்.

ஆனால் அந்த முதல் கடையில் சீட்டு மாற்றும் ஆள் இருந்தார். இருபது இருபத்திரண்டு வயதுப் பையன், ஒரு தள்ளுவண்டி, அதில் அச்சடித்த தாள்கள், ஒரு கத்தரிக்கோல். பழைய சீட்டை உருவி எடுப்பதும் புதியதைச் செருகுவதுமாக நின்றார். சனிக்கிழமை விலை வேறு, திங்கட்கிழமை விலை வேறாம்.

“தானா மாறுற சீட்டு இங்க வந்திருக்காமே தம்பி?”

“எங்கண்ணே? வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். இது என்ட வேலைதானே.”

விலை நாளுக்கு நாள் ஏறிய 2022ஆம் ஆண்டு அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த நாட்களில் இதே வேலையைச் செய்த ஒரு அக்கா இப்போது காசு வாங்கும் இடத்தில் இருக்கிறார். காலையில் ஒட்டியதன் மேலேயே பின்னேரம் இன்னொன்றை ஒட்டியதாகச் சொன்னார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியது கிட்டத்தட்ட இருநூறு. ஒரே தட்டில் ஒரே சாமான் பழைய விலையிலும் புது விலையிலும் கிடந்த காலம் அது. சனம் கையை உள்ளே விட்டுப் பின்வரிசையில் பழைய விலைப் பக்கெட் இருக்கிறதா என்று துழாவியது எனக்கும் நினைவிருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கை போகவில்லை. பால்மாத் தட்டில் ஒரு அம்மா முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்ததை எடுத்து, அடியில் அச்சடித்த விலையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சீட்டை அவர் பார்க்கவே இல்லை. பொதியில் அச்சடித்த விலைக்கு மேலே விற்பது குற்றம் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ள தண்டத்தை 2021இல் உயர்த்தினார்கள். தனி ஆளுக்குக் குறைந்தது ஒரு லட்சம், கம்பனிக்குக் குறைந்தது ஐந்து லட்சம். ஆகவே சனம் நம்புவது பொதியின் அடியில் இருக்கும் அச்சைத்தான்.

பஸ் தரிப்பிடத்தில் கேட்ட பேச்சு முழுக்க வெறும் புரளி அல்ல. உலகத்தில் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. மின் மையால் எழுத்துக் காட்டும் மின்மைத் திரை, சின்னப் பட்டரி, கடையின் கணினியிலிருந்து அலையில் வரும் விலை. நோர்வேயில் வருடக்கணக்காகப் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்காவின் வால்மார்ட் 2026க்குள் 2,300 கடைகளில் வைக்கப்போவதாக 2024 ஜூனில் அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து எலிசபெத் வாரன், பொப் கேசி என்ற இரண்டு செனட்டர்கள், நெரிசல் நேரத்தில் விலையை ஏற்றப்போகிறீர்களா என்று குரோகர் என்ற இன்னொரு சுப்பர் மார்க்கட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி எண்ணமில்லை என்றது நிறுவனம். அந்தச் சண்டையின் துண்டு துணுக்குகள்தான் போன் வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

சீட்டு மாறவில்லை என்பதோடு திரும்பியிருப்பேன். மரக்கறிப் பக்கம் போனதும் கால் நின்றுவிட்டது.

கரட் பெட்டிக்கு மேலே கறுப்பில் 380 ரூபாய் என்று இருந்தது. அதற்குக் கீழே சிவப்பில், அதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், 285 ரூபாய். குறிப்பிட்ட ஒரு வங்கியின் கடன் அட்டை வைத்திருப்போருக்குச் சனி ஞாயிறில் 25 சதவீத விலைக்கழிவு, இவ்வளவு தொகைக்கு மேல் வாங்கினால்தான் என்று அடியில் எறும்பு ஊர்ந்தமாதிரி ஒரு வரி. போஞ்சிக்கும் அப்படி, லீக்ஸுக்கும் அப்படி, கோழிக்கும் அப்படி. பருப்புத் தட்டில் இன்னொரு வகை. கிலோ 310, கடையில் போன் நம்பரைப் பதிந்து வைத்திருந்தால் 285.

யார் வாங்குகிறார் என்பதைப் பார்த்து விலை மாறுகிறது என்று பயந்தவர்கள் ஒரு விதத்தில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாறுவது தட்டில் இருக்கும் சீட்டு அல்ல. காசு கொடுக்கும் இடத்தில், நம்பரை அழுத்தும்போதும் அட்டையை நீட்டும்போதும் மாறுகிறது. அதற்கு மின்மைத் திரை வேண்டியதில்லை. காகிதமே போதும்.

தராசடியில் வரிசை. பையில் போட்ட மரக்கறியை ஒரு பெண்பிள்ளை வாங்கி, தராசில் வைத்து, இலக்கத்தை அழுத்தி, வந்த சீட்டை ஒட்டிக் கொடுக்கிறார். ஒரு பைக்குச் சில வினாடிதான். எனக்கு முன்னால் கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா, மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. ஒட்டிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல எது வெல?”

சீட்டில் சாமானின் பெயர், நிறை, கிலோ விலை, மொத்த விலை, ஒரு பட்டைக்கோடு. எல்லாம் ஆங்கிலத்தில். பெயரும் முழுதாக இல்லை, பாதியில் வெட்டியிருந்தது. நாலு எண்கள் நாலு இடத்தில். எது நிறை, எது விலை என்று காட்ட ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை, சிங்களச் சொல்லும் இல்லை. வாசித்துச் சொன்னேன். அரைக் கிலோ கரட், 190 ரூபாய்.

“அங்க செவப்புல 285ன்னு போட்டிருக்கே, அதுல பாதி 150க்குள்ளதானே வரணும்?”

கணக்கில் அவர் கெட்டிக்காரர். 142 ரூபாய் 50 சதம். அந்த விலை கார்ட் உள்ளவர்களுக்கு என்று சொன்னேன். தன்னிடமும் கார்ட் இருக்கிறது என்று கைப்பையைத் திறந்து காட்டினார். சம்பளம் எடுக்கும் வங்கி அட்டை. அது கடன் அட்டை இல்லை, வங்கியும் அது இல்லை. ஒன்றும் பேசாமல் பையைப் பிரித்து, நாலு கரட்டை எடுத்துப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு, மீதியை மறுபடி தராசுக்குக் கொடுத்தார்.

“எங்க தோட்டத்துக் கடையில கொப்பியில எழுதுவாங்க தம்பி. கூட எழுதினாலும் எழுதினவங்க மூஞ்சி தெரியும், போய்க் கேப்போம். இங்க யாருக்கிட்ட கேக்குறது?”

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. நாட்கூலிக்காரரைத் தேடி வங்கிகள் கடன் அட்டை கொண்டுவருவதில்லை. ஆகவே கூடிய வருமானம் உள்ளவர் 285க்கும், குறைந்த வருமானம் உள்ளவர் 380க்கும் அதே கரட்டை வாங்குகிறார். இதை விலைக்கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டில் கறுப்பில் இருக்கும் அந்த 380தான் அட்டை இல்லாதவருக்குப் போடும் விலை. அதைத்தான் பெரிய எழுத்தில் போடவேண்டும்.

பிறகு காசு வாங்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பிஸ்கட் அடுக்கின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வரிசை. ஒவ்வொன்றிலும் வாங்குபவர் பக்கம் திரும்பிய சின்னத் திரை. சாமான் ஒவ்வொன்றாக ஓட ஓட எண் ஏறுகிறது. வயதானவர்களுக்கு இந்த மெஷின் எல்லாம் சரிவராது என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். நான் அங்கே பார்த்தது வேறு. திரையைக் கண் எடுக்காமல் பார்த்தவர்கள் வயதானவர்கள்தான். இளைஞர் பலர் போனைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் மொத்தத்தை மட்டும் கேட்டு அட்டையை நீட்டினார்கள். ஒரு தாத்தா தட்டில் பார்த்த விலைகளை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். மீன் ரின்னுக்குத் திரையில் விழுந்த விலை துண்டில் இருந்ததைவிடக் கூட. விரலை நீட்டி நிறுத்தினார். பையன் ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்து வந்தார். பழைய சீட்டு, இன்னும் மாற்றவில்லை. தட்டில் போட்ட விலைக்கே கொடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை. அடுத்த ஆள் தன் கூடையில் இருந்த மீன் ரின்னை எடுத்துக் காட்டி, “மேகத்?” என்றார். இதற்கும்தானே என்று அர்த்தம். அவருக்கும் குறைந்தது.

இந்த ஒரு காரியத்துக்கு மின்சாரச் சீட்டு நல்லது என்றே நினைக்கிறேன். தட்டிலும் திரையிலும் ஒரே விலை நிற்கும். சீட்டு மாற்றும் பையனின் வேலை என்ன ஆகும் என்பது வேறு கவலை.

காசாளர் எல்லோரிடமும் முதலில் கேட்பது நம்பரைத்தான். நம்பர் இருப்பவர் பத்து இலக்கத்தையும் ஊருக்குக் கேட்கும்படி சொல்கிறார். திரையில் பெயர் விழுகிறது, விலை குறைகிறது. நம்பர் இல்லாதவர் தலையை ஆட்டுகிறார். அப்போதுதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நம்பர் இல்லை என்று தலையாட்டிய ஒரு வயதானவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், “மகே எக்க தான்ன நங்கி” என்று தன் நம்பரைச் சொன்னார். என்னுடையதைப் போடு தங்கச்சி என்று. பருப்புக்கு 25 ரூபாய் குறைந்தது. அந்தப் பெரியவருக்கு அவர் யாரென்றே தெரியாது. வாங்கியதற்குக் கடை தரும் புள்ளி அந்தப் பெண்ணின் கணக்கில் ஏறும், அது உண்மை. ஆனாலும் அவர் அதை நினைத்துச் சொன்னமாதிரி இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வரிசையிலும் அதே நடந்தது. இரவல் நம்பர் இங்கே சாதாரண வழக்கம் என்று பிறகு காசாளர் அக்கா சொன்னார். கணினி ஒவ்வொருவர் என்ன வாங்குகிறார் என்று கணக்கு வைத்தால், கண்டியில் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரியாக இருக்கும் என்று எனக்கு யோசனையாக இருந்தது.

போகும்முன் பொறுப்பாளரைக் கண்டு பேசினேன். மரியாதையாகப் பேசினார். சனத்துக்கு இந்த முறை நன்றாகப் பிடித்திருக்கிறது, முறைப்பாடே வருவதில்லை என்றார். முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எடுத்துத் தந்தார். உண்மையாகவே விலை பற்றி அதிகம் இல்லை. குளிரூட்டி, வாகனத் தரிப்பிடம், பழைய பாண். ஆனால் புத்தகத்தில் எழுதியிருந்ததெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். நாலு கரட்டைத் திரும்பப் போட்ட அக்கா அதில் எழுதப் போவதில்லை. காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாங்காமல் விட்ட சாமான்களைப் போடும் கூடை ஒன்று இருந்தது. ஒரு பால்மாப் பக்கெட், இரண்டு சவர்க்காரம், ஒரு சொக்லேட், ஒரு கோழிப் பொதி. மொத்தம் திரையில் விழுந்த பிறகு எடுத்து வைத்தவை. முறைப்பாட்டுப் புத்தகம் வேண்டுமென்றால் அதைத்தான் பார்க்கவேண்டும்.

சீட்டில் தமிழ் ஏன் இல்லை என்று கேட்டேன். கொழும்புத் தலைமையகத்திலிருந்துதான் அச்சு வருகிறது என்றார். அவரால் முடிந்தது அதற்கு மேல் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வெளியே வெயில். வாசலில் நின்ற பெட்டிக்கடையில் அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன். 70 ரூபாய். 2025 ஏப்ரலில் கட்டுப்பாட்டு விலை வந்தபின் இதன் விலையை யாரும் கேட்பதில்லை. 70 ரூபாயை நீட்டுகிறோம், போத்தல் வருகிறது.

மத்திய சந்தைக்கு நடந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிப் புகையிரத நிலையப் பக்கமாக நடந்தால் பத்து நிமிடம். பாதி வழியிலேயே “சீயய், சீயய்” என்ற கூவல் காதில் விழத் தொடங்கிவிடும். நூறு ரூபாய்க் குவியல்கள். உள்ளே போனதும் கறுவா, கிராம்பு, கருவாடு, பழுத்த அன்னாசி என்று மணம் மாறிக்கொண்டே வருகிறது. இங்கே கருவி ஒன்றும் இருக்காது, பழைய காலத்துச் சந்தை என்று சுப்பர் மார்க்கட்டில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் கடையிலேயே இலக்கத் தராசு, தொங்கும் லங்கா கியூஆர் அட்டை, காதில் போன்.

முதலாளி நானா தம்புள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். கண்டியிலிருந்து எழுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அங்கே பொருளாதார மத்திய நிலையத்தில் லொறி இறங்க இறங்க விலை மாறும். போனை வைத்துவிட்டு, காட்போட் துண்டில் 340 என்று இருந்ததை அடித்து 320 ஆக்கினார். கரட்தான். நுவரெலியாப் பக்கத்துச் சரக்கு நிறைய வந்துவிட்டதாம். ஆக, கடன் அட்டை உள்ளவருக்கு 285, சந்தைக்கு வந்தவருக்கு 320, சுப்பர் மார்க்கட்டில் வெறுங்கையோடு நின்றவருக்கு 380. எல்லாம் ஒரே மலையில் விளைந்த கரட். பத்து நிமிட நடைக்குள்.

“நானா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் விலை மாத்துவீங்க?”

“அதுக்குக் கணக்கு இல்ல. மழை வந்தா ஒரு விலை, பஸ் வந்தா ஒரு விலை. அந்திக்கு வந்து பாருங்க, இந்தக் கரட்டே குவியலாப் போகும்.”

நேரத்துக்கு நேரம் விலை மாறுமோ என்று அமெரிக்காவில் செனட்டர்கள் கடிதம் எழுதினார்கள். கண்டிச் சந்தையில் அது என்றைக்கும் உள்ளது. ஆனால் இங்கே யாரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. நான் நின்று கவனித்தவரை, அதற்குக் காரணம் கண்முன்னே இருந்தது. அடித்து எழுதியதை அங்கே நின்ற ஆறேழு பேரும் பார்த்தார்கள். ஏற்கெனவே 340க்கு நிறுத்து வைத்திருந்த ஒரு அம்மா உடனே, “இப்ப 320தானே?” என்றார். நானா ஒரு பிடி கரட்டை எடுத்துப் பையில் கூடப் போட்டார். ஏறுவதும் இறங்குவதும் சத்தமாக, எல்லோருக்கும் முன்னால் நடக்கிறது.

எல்லோருக்கும் என்று சொன்னதை அடுத்த வரிசையிலேயே திருத்த வேண்டியிருந்தது. வாசனைத் திரவியக் கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மிளகுக்கு அவர்களுக்குச் சொன்ன விலையும், அவர்கள் போனபின் எனக்குச் சொன்ன விலையும் ஒன்றல்ல, பாதிக்குப் பாதி வித்தியாசம். அந்தக் கடையில் விலை எழுதிய காட்போட் ஒன்றுமே இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வதைக் கணினி கற்றுக்கொண்டது இன்றைக்குத்தான். மனிதர் அதை முன்பே செய்தவர். இரண்டும் தவறு. எழுதித் தொங்கவிட்ட விலை ஒன்றுதான் இரண்டுக்கும் மருந்து. விலையைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தைச் சந்தைச் சுவரில் தேடினேன், காணவில்லை.

கியூஆர் அட்டையை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று பார்க்க மரக்கறி வரிசையில் மறுபடி நின்றேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்பவர்கள் பாவித்தார்கள். மற்றவர்கள் தாள்தான். ஆனால் யாரும் அதைக் கண்டு மிரளவில்லை. காரணம் 2022. அந்த வருடம் எரிபொருளுக்குத் தேசிய கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். நாள் கணக்காக வரிசையில் கிடந்த சனம், அந்தக் கறுப்புச் சதுரம் வந்தபின் சில நிமிடத்தில் அடித்துக்கொண்டு போனது. கட்டுகஸ்தோட்டை ஓட்டோக்காரர் ஒருவர் அந்தச் சதுரத்தை அச்சடித்துப் பிளாஸ்டிக் உறைபோட்டு இன்னும் வண்டியில் வைத்திருக்கிறார். 2023 செப்டெம்பரில் முறை நின்றுபோனது, அட்டை கிழியவில்லை. ஏன் அது மட்டும் எல்லோருக்கும் பிடித்தது என்று சந்தையில் கேட்டபோது, கோவா வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா கையை நிறுத்தாமல் சொன்னார்.

“அதுல பெரியாளு சின்னாளு இல்லத்தானே. பைக்குன்னா எல்லா பைக்குக்கும் நாலு லீட்டர்.”

அன்று முழுக்கக் கேட்டதில் எனக்கு மனதில் நின்றது அந்த ஒரு வாக்கியம்தான். கருவி புதியது என்பதால் சனம் விலகவில்லை. கருவிக்குப் பின்னால் ஆளுக்கொரு விலை இருக்கிறதா, இல்லையா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நானாவுக்கு கியூஆரில் வேறு கஷ்டம். விடியற்காலை லொறிக்காரருக்குக் கையில் காசு கொடுக்கவேண்டும். போனில் இருக்கும் காசு அந்த நேரத்துக்கு உதவாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மண்சரிவில் கண்டிப் பக்கத்துப் பாதைகள் மூடிக்கொண்டன. மின்சாரம் போனது, போன் சிக்னல் போனது. அந்த நாட்களில் கையில் தாள் வைத்திருந்தவர் வாங்கினார், அட்டை மட்டும் வைத்திருந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார் என்று நானா சொன்னார். தெரிந்தவர்களுக்குக் கொப்பியில் எழுதிக் கொடுத்தாராம். கொப்பியைக் காட்டச் சொன்னேன். காட்டினார். டிசம்பர் முதல் கிழமையின் பக்கங்கள், பெயரும் தொகையும். பெரும்பாலானவை குறுக்கே வெட்டப்பட்டிருந்தன. காசு வந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டாத நாலைந்து பெயர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கட்டுகஸ்தோட்டைக்குச் சற்று முன்னால் இறங்கி, எனக்குப் பழக்கமான ஒரு சில்லறைக் கடைக்குப் போனேன். அகலம் பத்தடிதான் இருக்கும். அரிசி மூட்டைகளுக்கு மேலே கரும்பலகை. நாடு 230, சம்பா 240, பச்சை அரிசி 220. 2024 டிசம்பரில் வர்த்தமானியில் வந்த கட்டுப்பாட்டு விலைகள், சோக்கட்டியில், தமிழிலும் சிங்களத்திலும். கீரி சம்பாவுக்கு 260 என்று எழுதியிருந்தது, ஆனால் மூட்டை இல்லை. அந்த விலைக்குத் தனக்கே கிடைப்பதில்லை, அதனால் எடுப்பதில்லை என்றார் கடைக்கார அண்ணன். இல்லாத சாமானின் விலையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “சனம் வேற கடையில கூடக் குடுத்து ஏமாறக் கூடாதுல்ல” என்றார்.

மேசையில் அவருடைய போன். அதில் மொத்த வியாபாரி காலையில் அனுப்பிய விலைப்பட்டியல், தம்புள்ளை விலை போட்ட ஒரு படம், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய குரல் செய்தி. பக்கத்தில் கொப்பி. பருப்பு கிலோ 295 என்றார். சுப்பர் மார்க்கட்டில் நம்பர் உள்ளவருக்கு 285 என்று சொன்னேன். தெரியும் என்றார். அந்தப் பத்து ரூபாய்க்குக் கண்டிவரை பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய்வர யாரும் இல்லை, ஆனால் மாதச் சாமான் மொத்தமாக வாங்குபவர்கள் போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்றார். குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

அவர் கடைக்கும் போன கிழமை ஒரு பிரதிநிதி வந்தாராம். திரை, பட்டைக்கோடு வாசிக்கும் கருவி, பில் அடிக்கும் பெட்டி மூன்றும் சேர்த்து, மாதத் தவணை. அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு எழுதி எழுதிக் கை வலிக்கிறது, இருப்புத் தெரிந்தால் நல்லது என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார், பில் தமிழிலும் சிங்களத்திலும் வருமா என்று. ஆங்கிலத்தில் மட்டும்தான் வரும், சனம் எப்படியும் மொத்தத்தைத்தானே பார்க்கிறது என்று பிரதிநிதி சொன்னாராம்.

“என்ட கடைக்கு வாரவங்க மொத்தத்தை மட்டும் பாக்குறவங்க இல்ல. ஒவ்வொரு வரியும் வாசிப்பாங்க. வாசிக்க ஏலாத பில்ல எப்படிக் குடுக்குறது?”

விசாரித்துவிட்டு அடுத்த மாதம் வருவதாகப் பிரதிநிதி சொல்லிப் போயிருக்கிறார். அதுவரைக்கும் கொப்பிதான். எனக்கு அரைக் கிலோ பருப்பு நிறுத்துக் கொடுத்து, 147 ரூபாய் 50 சதம் என்று வாயால் சொல்லி, 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு இரண்டு ரூபாய்க் குற்றியும் 50 சதக் குற்றியும் இல்லாததால் அதையும் என் பெயரில் கொப்பியில் எழுதி, எழுதிய வரியைத் திருப்பி எனக்குக் காட்டினார்.